தம்மபதத்தின் முதல் பாட்டிலிருந்து: பாலி அட்டகதைகளைப் படிக்கத் தொடங்குவது எப்படி

பாலி மொழியில் உள்ள பௌத்த மறைநூல்களுக்குள் புதிதாக நுழைபவர்களில் சிலர் உரையில் கண்டதையெல்லாம் புத்தரின் வாய்மொழியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர், உரை ஆயிரம் ஆண்டு கழித்து வந்த சங்கதி, மூலம் மட்டும் போதும் என்று அதைத் திறப்பதே இல்லை. இரண்டுமே நஷ்டம். உரைக்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும் என்பதை உரைகாரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். விநயத்துக்கு, அதாவது துறவியர் ஒழுங்கு விதிகளுக்கு, உரையான சமந்தபாசாதிகா நான்கு படிகளைச் சொல்கிறது. முதலில் சுத்தம், அதாவது மூலம். அடுத்து சுத்தானுலோமம், மூலத்தோடு ஒத்துப்போவது. மூன்றாவது ஆசரியவாதம், ஆசிரியர் வழி வந்த விளக்கம். அட்டகதைகள், அதாவது மூலத்துக்கு எழுந்த பாலி உரைகள், இந்தப் படியில்தான் நிற்கின்றன. கடைசியாக அத்தனோமதி, அவரவர் சொந்தக் கருத்து. எல்லாவற்றிலும் பலவீனமானது இதுவே. கீழ்ப்படியில் உள்ளதை மேல்படியோடு ஒப்பிட்டு, பொருந்தினால் கொள்ள வேண்டும், பொருந்தாவிட்டால் விட வேண்டும்.

இந்த அளவுகோல் உரையை மூலத்துக்குக் கீழே வைக்கிறது, ஆனால் நம் சொந்த ஊகத்துக்கு மேலே வைக்கிறது. இந்த இரண்டாவது பாதியைத்தான் இன்றைய வாசகர்கள் மறந்துவிடுகிறார்கள். இங்கே சொல்லும் படிப்பு முறை முழுக்க இதன்மேல் கட்டியது. இலங்கையில் நிலைத்த பௌத்தப் பிரிவான தேரவாதத்தின் பாலி உரைகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். வசுபந்து, சந்திரகீர்த்தி போன்ற ஆசிரியர்கள் நின்ற வடமொழிப் பௌத்த மரபு வேறு நூல்களையும் வேறு விதிகளையும் கொண்டது. தொடக்கத்திலேயே இரண்டையும் கலந்தால் எதுவும் பிடிபடாது.

அடுக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூலத்துக்கு உரை அட்டகதா, அட்டகதைக்கு உரை டீகா. ஒவ்வொன்றும் தனக்கு நேர் முந்தைய அடுக்கைத்தான் விளக்கும். மூலத்தில் ஒரு சொல் புரியவில்லை என்று நேரே டீகாவுக்குப் போனால், அங்கே அட்டகதையின் சொல்லுக்கு விளக்கம் இருக்கும், தேடியது கிடைக்காது.

இன்று கையில் உள்ள அட்டகதைகளில் பெரும்பகுதி கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து தொகுத்தவை, அல்லது மரபு அவர் பெயரில் சேர்த்தவை. அங்கே சிங்களத்தில் இருந்த பழைய உரைகளைப் பாலிக்குக் கொண்டுவந்ததே தன் வேலை என்று அவர் முன்னுரைகளில் சொல்கிறார். மகா அட்டகதா, மகாபச்சரி, குருந்தி என்று அவற்றின் பெயர்களையும் குறிப்பிடுகிறார். அவற்றில் ஒன்றும் இன்று கிடைக்கவில்லை. ஆகவே ஒரு வாக்கியம் 5ஆம் நூற்றாண்டு நூலில் இருக்கிறது என்பதால் அந்தக் கருத்தும் 5ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது என்று முடிவுகட்டக் கூடாது.

எந்த மூலத்துக்கு எந்த உரை என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நிகாயம் என்பது புத்தரின் போதனைகளின் தொகுப்பு: தீக நிகாயத்துக்கு சுமங்கலவிலாசினி, மஜ்ஜிம நிகாயத்துக்கு பபஞ்சசூதனி, சம்யுத்த நிகாயத்துக்கு சாரத்தப்பகாசினி, அங்குத்தர நிகாயத்துக்கு மனோரதபூரணி. விநயத்துக்கு சமந்தபாசாதிகா. மனத்தையும் பொருள்களையும் கூறுகூறாகப் பகுத்து ஆராயும் அபிதம்ம நூல்களில் தம்மசங்கணிக்கு அட்டசாலினி, விபங்கத்துக்கு சம்மோகவினோதனி. உதானம், இதிவுத்தகம், தேரகாதா, தேரிகாதா முதலிய நூல்களுக்குத் தம்மபாலர் எழுதிய பரமத்ததீபனி. புத்தவம்சத்துக்குப் புத்ததத்தரின் மதுரத்தவிலாசினி.

தமிழ் வாசகர்கள் இந்த உரைகளின் முடிவுரைகளைத் தவறாமல் பார்க்க வேண்டும். முன்பு காஞ்சிபுரம் முதலிய இடங்களில் தன்னோடு வாழ்ந்த ஜோதிபால தேரர் (தேரர் என்றால் மூத்த துறவி) கேட்டுக்கொண்டதால் மனோரதபூரணியை எழுதியதாகப் புத்தகோசர் சொல்கிறார். பபஞ்சசூதனியை எழுதத் தூண்டியவர் மயூரசுத்தபட்டனத்தில் உடன் வாழ்ந்த புத்தமித்திர தேரர். புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து எழுதியவர். இலங்கையில் வேரூன்றிய இந்த உரை மரபுக்குப் பின்னால் தமிழகத்து ஊர்களின் விகாரைகளும் இருந்திருக்கின்றன.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உரை எழுதும் வேலை மறைநூல்களுக்கு உள்ளேயே தொடங்கிவிட்டது. சுத்தநிபாதத்தின் அட்டகவக்கம், பாராயணவக்கம் ஆகிய பகுதிகளுக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் கூறும் நித்தேசம் மறைநூல் தொகுப்பிலேயே ஒரு நூல். விநயத்தின் சுத்தவிபங்கமும் துறவிகளுக்கான பாதிமோக்க விதிகளுக்கு எழுந்த உரைதான்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

1954 முதல் 1956 வரை ரங்கூனில் நடந்த ஆறாம் சங்காயனத்தின், அதாவது மறைநூல்களைச் சரிபார்த்த துறவியர் பேரவையின், பதிப்பில் மூலம், அட்டகதா, டீகா மூன்றும் உண்டு. இகத்புரியில் உள்ள விபஸ்ஸனா ஆய்வு நிறுவனம் அதைக் கணினியில் ஏற்றி இலவசமாகத் தருகிறது. தொடங்க அது போதும். பழைய ஆய்வு நூல்கள் பாலி நூற் கழகத்து லண்டன் பதிப்பின் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும்தான் மேற்கோளாகக் காட்டும். குறிப்பெடுக்கும்போது அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அங்குத்தர நிகாயத்தில் பதிப்புக்குப் பதிப்பு சுத்த எண் (சுத்தம் என்பது இங்கே ஒரு தனிப் போதனை) மாறும் என்பதால் அங்கே எண்ணோடு முதல் வரியையும் குறித்துக்கொள்வது நல்லது.

பாலியை ரோமன் அல்லது தேவநாகரி எழுத்தில் படியுங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் படித்தால் வல்லின வேறுபாடுகள் மறைந்துவிடும். ஆசை என்ற kāma, ஊர் என்ற gāma இரண்டுக்கும் தமிழ் எழுத்தில் ஒரே ‘காம’ தான் வரும். தம்மபத முதல் பாட்டின் உரையிலேயே ஊர்க்கொள்ளை ஓர் உவமையாக வருகிறது. அங்கே ஆசையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

பாலி தெரியாதவர்களும் இந்த முறையில் படிக்கலாம். பிரம்மஜாலம், சாமஞ்ஞபலம், மகாநிதானம், மூலபரியாயம் ஆகிய நான்கு சுத்தங்களுக்கும் உரையோடு சேர்ந்த ஆங்கில மொழிபெயர்ப்பைப் பிக்கு போதி தந்திருக்கிறார். ஆனால் தம்மபத உரையின் மொழிபெயர்ப்பு என்று கிடைக்கும் பல நூல்களில் கதைகள் மட்டும் இருக்கும், சொல்லுரை இருக்காது. வாங்கும் முன் ஒரு பாட்டைப் பிரித்துப் பாருங்கள். கதை முடிந்து பாட்டு வந்ததும் அடுத்த கதை தொடங்கிவிட்டால், உரையில் பாதி அதில் இல்லை.

முதல் பயிற்சி: ஒரே ஒரு பாட்டு

தம்மபதத்தின் முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரமாக மூன்று அமர்வுகள் ஒதுக்குங்கள்.

முதல் அமர்வில் உரையைத் திறக்கக் கூடாது. பாட்டின் கருத்து இவ்வளவுதான்: தம்மங்களுக்கு மனம் முன்செல்கிறது, மனமே அவற்றின் தலைமை, அவை மனத்தால் ஆனவை; கெட்ட மனத்தோடு ஒருவன் பேசினாலும் செய்தாலும், வண்டியிழுக்கும் மாட்டின் காலடியைச் சக்கரம் தொடர்வதுபோலத் துன்பம் அவனைத் தொடரும். இதைப் படித்து உங்களுக்குப் புரிந்ததை ஐந்து வரியில் எழுதுங்கள். புரியாததைக் கேள்வியாக எழுதுங்கள். ‘தம்மம்’ என்றால் இங்கே என்ன? மனம் எதற்கு முன்னால் செல்கிறது? கேள்வி இல்லாமல் உரைக்குள் போனால் அது வெறும் சொற்குவியலாகத் தெரியும்.

இரண்டாம் அமர்வில் உரையைத் திறந்து, பென்சிலால் நான்காகப் பிரியுங்கள். முதலில் இந்தப் பாட்டு எங்கே, யாரைக் குறித்துச் சொல்லப்பட்டது என்ற ஒரு வரி. இங்கே சாவத்தி நகரில், சக்குபால தேரரைக் குறித்து. அடுத்தது கதை. மூன்றாவதாகச் சொல்லுரை. கடைசியில் பாட்டின் முடிவில் கேட்டவர்கள் அடைந்த பயன். தம்மபத உரை முழுவதும் பெரும்பாலும் இந்த அமைப்பிலேயே போகும்.

கதையை அவசரமாகத் தாண்ட வேண்டாம். பார்வையற்ற சக்குபாலர் மழை பெய்து ஓய்ந்த இரவில் உலாவும்போது இந்திரகோபப் பூச்சிகள் அவர் காலில் மிதிபட்டுச் சாகின்றன. காண வந்த பிக்குகள் புத்தரிடம் குறை சொல்கிறார்கள். அவர் பூச்சிகளைப் பார்க்கவில்லை, கொல்லும் எண்ணமும் அவருக்கில்லை என்கிறார் புத்தர். அப்படியானால் பார்வை போனது ஏன் என்று கேட்க, முற்பிறவிக் கதை வருகிறது. அப்போது அவர் ஒரு வைத்தியர். பேசிய கூலியைத் தராமல் ஏமாற்றப் பார்த்த பெண்ணுக்கு, கண் கெடும் மருந்தைத் தெரிந்தே கொடுத்தவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயிர்கள் செத்தும் எண்ணம் இல்லாததால் ஓரிடத்தில் குற்றமில்லை. மற்ற இடத்தில் எண்ணம் இருந்தது, அது பிறவி தாண்டித் தொடர்ந்தது. ‘கெட்ட மனத்தோடு’ என்ற சொல்லுக்கு இந்தக் கதையே ஓர் உரை. கதைகளைக் குழந்தைகளுக்கானவை என்று தள்ளுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

மூன்றாம் அமர்வு சொல்லுரைக்கு. ‘தம்மம்’ என்ற சொல்லுக்கு உரைகாரர் முதலில் நான்கு பொருள் தருகிறார்: குணம், உபதேசம், கற்கும் மறைநூல், உயிரோ ஆளோ அற்ற வெறும் நிகழ்வு. இந்த இடத்தில் நான்காவது பொருள்தான் என்று தேர்ந்தெடுத்து, அதையும் உணர்ச்சி, குறிப்பறிவு, சங்காரம் (மனத்தை இயக்கும் மற்றக் கூறுகள்) என்ற மூன்று கந்தங்களாக, அதாவது ஆளின் கூறுகளாக, சுருக்குகிறார். நீங்கள் எழுதிவைத்த முதல் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

உடனே அவரே ஒரு தடை எழுப்புகிறார். மனமும் இந்த மூன்றும் ஒரே கணத்தில் ஒன்றாகத்தானே தோன்றுகின்றன, அப்புறம் மனம் முன்செல்வது எப்படி? விடை: தோன்றுவதற்குக் காரணமாக நிற்பதால். பலர் சேர்ந்து ஊர்க்கொள்ளை அடிக்கிறார்கள். இவர்களுக்கு முன்னோடி யார் என்று கேட்டால், யாரை நம்பி அவர்கள் அந்தக் காரியத்தில் இறங்கினார்களோ, தத்தனோ மித்தனோ, அவனைத்தான் காட்டுவோம். ‘முன்’ என்ற சொல் காலத்தைக் குறிக்காமல் காரணத்தைக் குறிக்கிறது என்பது இந்த உவமையால் தெளிவாகிறது.

இந்தப் பகுதி அபிதம்மக் கணக்கில் நிற்கிறது. பாட்டுக்கு இது கட்டாயம் தேவைப்படும் விளக்கமா, உரைகாரர் காலத்துச் சிந்தனை முறை பாட்டின்மேல் வந்து உட்கார்ந்ததா என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். இதே உரையில் சற்றுத் தள்ளி, இயல்பான மனம் பவங்க சித்தம், அது கெடாதது, தெளிந்த நீரில் சாயம் கலந்ததுபோல வெளியிலிருந்து வருபவை அதைக் கெடுக்கின்றன என்று வரும். பவங்கம் என்ற சொல் சுத்தங்களில் மனத்துக்கு ஆளப்படவில்லை. ஆசரியவாதம் என்று குறிக்க வேண்டிய இடம் இது.

வழிகாட்டும் சிறு சொற்கள்

திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை படித்துப் பழகியவர்களுக்கு இந்த உரைநடை அந்நியமாகத் தோன்றாது. சொல்லுரை தொடங்கும் இடத்தில் ‘தத்த’ (அவற்றுள்) என்று வரும். மூலத்திலிருந்து எடுத்த சொல்லின் வாலில் ‘தி’ ஒட்டியிருக்கும். மேற்கோள் முடிந்தது என்று அர்த்தம். ‘தி அத்தோ’ என்றால் ‘என்பது பொருள்’. ‘தி வுத்தங் ஹோதி’ என்றால் ‘என்று சொல்லியவாறாயிற்று’. ‘உத்தானமேவ’ என்று வந்தால் பொருள் வெளிப்படை, விளக்கவில்லை என்று கருத்து. உங்களுக்குச் சிக்கலான இடத்தில் உரை இப்படி நழுவும்போது ஏமாற்றமாக இருக்கும். அதே சொல் அந்த நிகாயத்தில் முதன்முதலாக வந்த இடத்தின் உரையைப் பாருங்கள். ஒருமுறை விளக்கியதைத் திரும்பச் சொல்வது வழக்கமில்லை.

எடை போட உதவும் சொற்கள் இன்னும் முக்கியம். ‘கேசி’, ‘ஏகே’, ‘அபரே’ எல்லாம் ‘என்பாரும் உளர்’ என்று பிறர் கருத்தைக் காட்டுபவை. ‘போராணா’ என்றால் முன்னோர். ‘அட்டகதாயங் பன’ என்றால் பழைய சிங்கள உரையில் இப்படி என்று பொருள். இவற்றை மூன்று நிறத்தில் அடிக்கோடிட்டால் ஒரே பக்கத்தில் எத்தனை குரல்கள் பேசுகின்றன என்று கண்ணுக்கே தெரியும்.

இரண்டாம் பயிற்சி: உரைகள் ஒத்துப்போகாத இடம்

மகாபரிநிப்பான சுத்தத்தில், பாவா என்னும் ஊரில் கொல்லன் சுந்தன் புத்தருக்குப் படைத்த கடைசி உணவின் பெயர் சூகரமத்தவம். அது என்ன என்று மூலம் சொல்லவில்லை. சுமங்கலவிலாசினியின் முதல் விளக்கம்: மிக இளசும் மிக முற்றியதும் அல்லாத சிறந்த பன்றியின், கிடைக்கும் நிலையில் இருந்த இறைச்சி. விருந்துக்கென்று கொல்லப்படாதது என்பது அந்தச் சொற்றொடரின் உட்கிடை. ஆறாம் சங்காயனப் பதிப்பில் இதை அடுத்து இரண்டு ‘என்பாரும் உளர்’ வருகின்றன. பால் பொருள் ஐந்தின் சாறு சேர்த்துச் சமைத்த மென்சோற்றின் பெயர் என்பது ஒன்று. புத்தர் மறையாதிருக்க வேண்டி சுந்தன் செய்த காயகல்பம் என்பது மற்றொன்று.

இதே நிகழ்ச்சி உதானத்திலும் வருவதால் தம்மபாலரின் உரையையும் எடுத்துப் பாருங்கள். மென்மையும் கொழுப்பும் உள்ள பன்றியிறைச்சி என்று மகா அட்டகதா சொன்னதாக முதலில் குறிக்கிறார். பிறகு பன்றிகள் மிதித்த மூங்கில் குருத்து என்பாரும், பன்றிகள் மிதித்த இடத்தில் முளைத்த காளான் என்பாரும், காயகல்பம் என்பாரும் உளர் என்று அடுக்குகிறார்.

இப்போது குறிப்பேட்டில் ஓர் அட்டவணை போடுங்கள்: கருத்து, சொன்னவர், எந்த உரை, எந்தச் சொல்லால் அறிமுகம். நான்கு பத்தி போதும். முடித்ததும் சில விஷயங்கள் தாமாகவே தெரியவரும். இறைச்சி என்ற பொருள் மட்டும் பெயர் சொல்லிப் பழைய உரையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. காளானும் மூங்கில் குருத்தும் சுமங்கலவிலாசினியில் இல்லை, தம்மபாலரிடம்தான் வருகின்றன. எந்தக் கருத்தையும் மூலம் உறுதி செய்யவில்லை. ஆகவே ‘புத்தர் கடைசியாகக் காளான் உண்டார்’ என்று எழுதுபவரும் ‘பன்றியிறைச்சி உண்டார்’ என்று எழுதுபவரும் உரையிலிருந்து ஒரு வரியை மட்டும் உருவி எடுக்கிறார்கள். முடிவு தெரியாத இடத்தில் எல்லாக் கருத்தையும் பதிவு செய்துவைத்த உரைகாரர்களின் நேர்மை இதைவிடப் பெரிது.

விசுத்திமக்கமும் டீகாவும்

நான்கு நிகாய உரைகளின் முன்னுரையிலும் புத்தகோசர் ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறார். ஒழுக்கம், தியானப் பொருள்கள், கந்தங்கள், காரணத் தொடர் போன்றவற்றைத் தன் இன்னொரு நூலான விசுத்திமக்கத்தில் விரிவாகச் சொல்லியாயிற்று, அது நான்கு நிகாயங்களுக்கும் நடுவில் நின்று பொருளை விளக்கும், இங்கே மறுபடி சொல்லப்போவதில்லை என்கிறார். எனவே விசுத்திமக்கம் இல்லாமல் நிகாய உரையைப் படித்தால் நடுப்பக்கம் கிழிந்த புத்தகமாகவே இருக்கும். அதில் 23 அதிகாரங்கள். 1, 2 ஒழுக்கம். 3 முதல் 13 வரை சமாதி. 14 முதல் 23 வரை ஞானம். முழுவதையும் முதலில் முடிக்க வேண்டியதில்லை, உரை அனுப்பும் இடத்துக்கு மட்டும் போய் வாருங்கள்.

அங்கே ஒரு தம்மத்தை நான்கு கோணத்தில் வரையறுக்கும் வாய்பாடு அடிக்கடி வரும்: இலக்கணம், தொழில், வெளிப்படும் விதம், அண்மைக் காரணம். சத்தையை, அதாவது நம்பிக்கையை, எடுத்துக்கொண்டால், நம்புவது இலக்கணம். கலங்கிய நீரைத் தெளிவிக்கும் மணிபோல உடன் இருப்பவற்றைத் தெளியவைப்பது தொழில். கலங்கலின்மையாக வெளிப்படும். நம்பத் தக்க பொருள் அண்மைக் காரணம். இந்த வாய்பாடு மனத்தில் பதிந்துவிட்டால் அபிதம்ம உரைகளின் பாதிப் பக்கங்கள் எளிதாகிவிடும்.

டீகாவை எப்போது திறப்பது? அட்டகதையில் ‘சிலர் சொல்கிறார்கள்’ என்று வந்து, அந்தச் சிலர் யார் என்று தெரிய வேண்டும்போது. விசுத்திமக்கத்தின் மூன்றாம் அதிகாரத்தில், சுபாவ வகைகளுக்கு முற்பழக்கத்தையும் தாதுக்களையும் காரணம் காட்டும் ‘சிலர்’ வருகிறார்கள். அதன் டீகாவான தம்மபாலரின் பரமத்தமஞ்சூசா, இது விமுத்திமக்கம் எழுதிய உபதிஸ்ஸ தேரரைக் குறித்தது என்று பெயரோடு சொல்கிறது. அந்த விமுத்திமக்கம் 6ஆம் நூற்றாண்டுச் சீன மொழிபெயர்ப்பில் தப்பிப் பிழைத்திருப்பதால் இதைச் சரிபார்க்கவும் முடிகிறது.

எங்கே தடுக்கும்

உரையில் வரும் சொற்பிறப்பு விளக்கங்களை மொழியியலாக எடுத்துக்கொள்வது ஒரு பொதுவான தவறு. ‘சம்சாரத்தில் பயத்தைக் காண்பவன் பிக்கு’ என்று சொல்லைப் பிரித்துக் காட்டுவார்கள். சொல் பிறந்த வரலாறு அதுவல்ல. அந்த நிலையில் இருப்பவன் எதை நினைவில் கொள்ள வேண்டும் என்ற போதனை அது. அந்த நோக்கத்தில் படித்தால் அழகாக இருக்கும்.

கதை முடிவில் முப்பதாயிரம் பேர் அரகத்தர் (முழு விடுதலை பெற்றவர்) ஆனார்கள் என்பது போன்ற எண்ணிக்கைகளை வரலாற்றுக் கணக்காக மேற்கோள் காட்ட வேண்டாம்.

மூன்றாவது தவறு நுட்பமானது. விளக்கிப் பொருள் கொள்ள வேண்டிய சுத்தத்தை நேர்ப்பொருளாகக் காட்டுபவனும், நேர்ப்பொருள் சுத்தத்தை விளக்கம் வேண்டியதாகக் காட்டுபவனும் ததாகதர், அதாவது புத்தர், மேல் அவதூறு சொல்கிறார்கள் என்று அங்குத்தர நிகாயத்தின் இரண்டன் தொகுதி சொல்கிறது. ‘ஒரு புருஷன் உலகில் தோன்றுகிறார்’ என்ற வாக்கியத்தை மனோரதபூரணி முதல் வகைக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. பரமார்த்தத்தில் புருஷன் என்று ஒருவன் இல்லை என்பது அதன் வாதம். எது எந்த வகை என்பதை மூலம் எப்போதும் சொல்லிவிடுவதில்லை. உரை ஒரு சுத்தத்தை எந்தப் பக்கம் வைக்கிறது என்று தனியாகக் குறித்துவைத்தால், அந்த உரைகாரரின் கொள்கை மெல்லத் தெரியவரும்.

அடுத்து எதைப் படிப்பது

தம்மபதத்தில் இருபது பாட்டுகளை இப்படிப் படித்து முடித்தபின் தேரிகாதா உரைக்குப் போகலாம். அங்கே பத்தா குண்டலகேசி என்ற பிக்குணியின் கதை இருக்கிறது. தமிழில் குண்டலகேசிக் காப்பியம் சில பாட்டுகளாக மட்டுமே எஞ்சியிருப்பதால், தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பாலி உரை இரட்டிப்புப் பயன் தரும். தம்மபத உரையிலும் அவள் கதை வருகிறது; இரண்டையும் ஒப்பிட்டு எது கூடுகிறது, எது குறைகிறது என்று பாருங்கள். அதன்பிறகு சாமஞ்ஞபல சுத்தத்தை உரையோடு எடுங்கள். பிரம்மஜாலத்தை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்வது நல்லது. தீக நிகாயத்தின் முதல் சுத்தம் என்பதால் ‘ஏவங் மே சுதங்’ (இவ்வாறு நான் கேட்டேன்) என்ற தொடக்கத் தொடரிலேயே உரை பல பக்கம் நின்றுவிடும். பழகாத வாசகர்கள் பலர் அந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.